நான் அழகாக இருந்த லெந்து காலம்

என்னைப் பற்றி ஊரே ஒன்றுகூடி ஒரு பொய் சொல்லும். நான் எப்போதும் சிரித்த முகமாக இருப்பேனாம். நான் அறிவியல் சொல்லித் தரும் மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் சொல்வார்கள். மதுரை விளாங்குடியில் எங்கள் தெருவில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போதும் சொல்வார்கள். "டீச்சரப் பாருங்க, எம்புட்டு ஒடம்பு! ஆனா மொகத்துல ஒரு கவல இருக்கா?" அந்த 'ஆனா'வை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. குண்டாக இருப்பவள் கவலைப்பட்டுத்தான் ஆக வேண்டும், படாமல் இருந்தால் அது ஒரு அதிசயம் என்பது அவர்கள் கணக்கு.

சிரித்த முகத்தோடு நான் பிறக்கவில்லை. ஆறாம் வகுப்பில் அதை நானே செய்துகொண்டேன். அன்று விளையாட்டு வகுப்பில் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்கள். இரண்டு அணியும் என்னைத் தங்கள் பக்கம் கேட்டு அடித்துக்கொண்டன. என்னை வேண்டும் என்று இத்தனை பேர் கேட்கிறார்களே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கயிற்றின் கடைசி முனையை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "இவ சும்மா நின்னாப் போதும், கயிறு தானா இந்தப் பக்கம் வந்துரும்" என்று விளையாட்டு டீச்சர் சொன்னார். மைதானமே சிரித்தது. எனக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்று தெரிந்தது. "நிக்கக்கூட வேணாம்ல மிஸ், படுத்துக்கிரவா?" என்று கேட்டேன். முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பை வரவழைத்தவள் நான். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வழி அது. யாரும் வாயைத் திறப்பதற்குள் நானே திறந்துவிடுவேன்.

ஷேர் ஆட்டோவில் ஏறும்போது டிரைவர் கண்ணாடியில் பார்ப்பதற்குள், "அண்ணே, டயர்ல காத்து இருக்கான்னு பாத்துக்கங்க" என்பேன். கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினால், "இது எனக்கா, என் கைப்பைக்கா?" என்பேன். இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, எனக்கு ரொம்பப் பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டு போவார்கள். உள்ளே எனக்குப் பொல்லாத கோபம் உண்டு. கண்ணாடியில் என்னை அளந்த ஒவ்வொரு டிரைவரின் முகமும் எனக்கு ஞாபகமிருக்கிறது. நான் யாரையும் மன்னிக்கவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

சிரிப்போடு ஒட்டிக்கொண்டு இன்னொரு பழக்கமும் வந்தது. உடம்பில் எது வலித்தாலும் வெளியில் சொல்வதில்லை. முழங்கால் வலிக்கிறது என்றால் எடையைக் குறை என்பார்கள். தலை சுற்றுகிறது என்றாலும் அதுதான். பல் வலி என்று போன இடத்தில்கூட அந்தப் பல் டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இனிப்பையெல்லாம் குறைத்தால் எடையும் குறையும் என்று இலவசமாக ஒரு யோசனை கொடுத்தார். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்தான் என்றால் யார் வாய் வலிக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் என் வீட்டுக்காரர் இதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்வார். "அவளுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட எனக்குத் தெரியாது. எதையும் தாங்கிக்கிருவா."

அந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள். வெளியூரிலிருந்து மனநல ஆலோசகர் ஒருவர் வந்து, மனிதர்களின் குணங்களைப் பற்றியும் கஷ்டத்திலிருந்து மீண்டு எழும் சக்தியைப் பற்றியும் பேசினார். பேச்சின் நடுவில் அவர் கண் என்மேல் விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும், நான்தான் பாதி வரிசையாயிற்றே. "மேடம் மாதிரி கொஞ்சம் பூசின உடம்பு இருக்கிறவங்க பெரும்பாலும் கலகலப்பானவங்களா இருப்பாங்க. எதையும் ஈஸியா எடுத்துக்குவாங்க. அவங்ககிட்ட இருந்து நாம கத்துக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். நான் எதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கும்பிட்டு உட்காரும்போது இருமல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இருந்த இருமல். பனிக்காலம், போதாததற்குத் திண்டுக்கல் ரோட்டில் தோண்டிப்போட்ட மண், சாக்பீஸ் தூள் என்று காரணத்துக்கா பஞ்சம். நானும் கண்டுகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. வழக்கமாக வாங்கும் மூச்சு எனக்குத் தெரியும், அதோடு நான் குடித்தனம் நடத்தியவள். இது வேறு மாதிரி இருந்தது. விலாப் பக்கம் எதுவோ பிடித்து இழுத்தது.

இருமல் நிற்காததால் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். நான் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் அந்த டாக்டர் என் வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். "மூச்சு வாங்குதா? வாங்கத்தான் செய்யும். எடையக் கொறைங்கம்மா." இருமல் விடவே மாட்டேன் என்கிறது சார் என்றேன். "அசிடிட்டியா இருக்கும். ராத்திரி சாப்பாட்டக் கொறைச்சாச் சரியாப் போகும்." ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் வெளியே வரும்வரை அது அங்கேயே தொங்கியது. என்னைப் பார்த்தாலே போதும், தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த சில நாளில் சாம்பல் புதன் வந்தது. எங்களுக்கு அன்றைக்கு லெந்து என்ற நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும். ஈஸ்டர் வரைக்கும் ஆளுக்கு எதையாவது விட்டுவிட வேண்டும். சிலர் கறி மீனை விடுவார்கள், சிலர் காப்பியை விடுவார்கள், சில பெண்கள் தலையில் பூ வைப்பதை விடுவார்கள். சீரியலை விட்டவர்களும் உண்டு, பிறகு ஈஸ்டருக்கு மறுநாள் எல்லாப் பகுதியையும் போனில் பார்த்துத் தீர்த்துவிடுவார்கள். நான் அந்த வருடம் ராத்திரிச் சோற்றையும், இனிப்பையும், டீயையும் விட்டேன். மற்ற வருடங்களில் டீயை விட்ட மூன்றாம் நாளே எனக்குக் கை நடுங்கும். அந்த வருடம் ஒன்றுமே இல்லை. பசியே எடுக்கவில்லை. சோற்றைப் பார்த்தால் தட்டைத் தள்ளிவைக்கத்தான் தோன்றியது. இவ்வளவு காலம் நான் போராடித் தோற்ற ஆசையை ஆண்டவரே எடுத்துப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். என் நோய்க்கு நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

உடம்பு குறையத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தது எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழம்மா. பரவைப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், மனசில் பட்டதைப் படாரென்று சொல்லிவிடுவார். "என்ன டீச்சர், கழுத்து எலும்பு தெரியுதே! என்ன செய்யுறீக, சொல்லுங்க, நானும் செய்யுறேன்" என்றார். லெந்து என்றேன். "உங்க சாமிக்கு இம்புட்டுச் சக்தியா? எனக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்றார். அதற்கப்புறம் தினமும் யாராவது ஒருவர். ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது டெய்லர், "மறுபடி பிரிக்க வச்சிராதீங்கக்கா" என்றார். ஆலய வாசலில் என்னை நிறுத்தித் திருப்பிப் பார்த்தார்கள். இதுவரை என்னிடம் உடம்பைத் தவிர எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லாமல் சொன்னவர்கள், இப்போது அழகாக இருக்கிறேன் என்று வாயாரச் சொன்னார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம். கை வைத்த நாற்காலியில் பயப்படாமல் உட்கார்ந்தேன். ஷேர் ஆட்டோவில் யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் வீட்டுக்காரர் என் படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். சென்னையில் வேலை பார்க்கும் மகன் போன் செய்து, "அம்மா, செம்ம" என்றான். இதற்கு நடுவில் சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று சுடும். படுக்கையில் தலையணை நனையும். மதுரையில் வெயில் காலத்தில் வியர்க்காமல் யாருக்கு இருக்கும்? விலாவில் குத்தும். இதைப் போய் யாரிடம் சொல்வது? இவ்வளவு காலம் குண்டாக இருந்து தாங்கியவள், மெலிந்த பிறகா தாங்காமல் போவேன்?

மார்ச்சில் ஒன்பதாம் வகுப்புக்கு நோய்கள் பற்றிய பாடத்தைத் திரும்ப எடுத்தேன். கரும்பலகையில் காசநோய் என்று எழுதி, கீழே அறிகுறிகளை எழுதினேன். விடாத இருமல். மாலை நேரக் காய்ச்சல். இரவில் வியர்வை. பசியின்மை. எடை குறைதல். என் கையால்தான் எழுதினேன், என் கையெழுத்து அழகாக இருக்கும். எழுதி முடித்துத் திரும்பும்போது இருமல் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன் பெஞ்சிலிருந்த ஒரு பெண் பயந்துபோய், "மிஸ், உங்களுக்கும் ரொம்ப நாளா இருமுதே மிஸ்" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களை நான் என்றைக்கும் ஏமாற்றியதில்லை. "எனக்கா? டிபி என்னைப் பாத்தா, இம்புட்டுப் பெரிய எடத்த யாரு சுத்தி வாரதுன்னு ஓடிப் போயிரும்டி" என்றேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் பலகையை அழித்தேன்.

நான் முட்டாள் கிடையாது. அந்த ஐந்து வரியும் என் உடம்பில் இருந்தது. ஆனால் குண்டானவளுக்கு அந்த நோய் வராது என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன். காசநோய் என்றால் எலும்பும் தோலுமாக ஒருவர் கயிற்றுக் கட்டிலில் கிடக்க வேண்டும், பாடப்புத்தகத்தில் படமும் அப்படித்தான் இருந்தது. நான் எவ்வளவு மெலிந்தும் இன்னும் குண்டாகத்தான் இருந்தேன். மெலிவதற்கு என்னிடம் அவ்வளவு இருந்தது.

ஈஸ்டர் முடிந்து ஆலயத்தில் பெண்கள் கூட்டம் நடந்தது. போதகரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுவோம். அவர்தான் கூட்டத்தை நடத்துவார். நல்ல மனுஷி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். முந்தின நாளே போன் செய்து, "நீங்க சாட்சி சொல்லணும். இச்சையடக்கத்தப் பத்திச் சொல்லுங்க. உங்களப் பாத்தே பாதிப் பேரு திருந்திருவாங்க" என்றார். சாட்சி என்றால் ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வது. நான் மைக் முன்னால் நின்றேன். லெந்து நாட்களில் எனக்குப் பசியே எடுக்கவில்லை என்றேன். "ஸ்தோத்திரம்" என்றார்கள். சோறு என்றால் வெறுத்துப்போனது என்றேன். "ஸ்தோத்திரம்" என்றார்கள். நடுவில் இரண்டு தடவை இருமி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் அந்த மைக்கில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஆண்டவரைத் துதித்தது.

அன்றைக்கு ஆலயத்தின் முன்னால் நிறுத்தி என் வீட்டுக்காரர் ஒரு படம் எடுத்தார். நீல நிறப் பட்டுச்சேலை, ஒட்டிய கன்னம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்.

மே மாதம் அதே கிளினிக்குக்கு மறுபடியும் போனேன். விலா வலி தாங்க முடியவில்லை. டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரமாயிற்று. தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "வெரி குட்! நான் சொன்னதக் கேட்டிருக்கீங்க பாருங்க. அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார். வலி என்றேன். உடற்பயிற்சி செய்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். நான் உடற்பயிற்சி செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பற்றி அவ்வளவு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. வலி மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. காலை ஜெபக் கூட்டத்தில் அன்றைக்கு நான் ஜெபிக்க வேண்டிய முறை. பிள்ளைகள் கண்ணை மூடி நிற்க, நான் பாதி ஜெபத்தில் இருமினேன். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்து, திரும்ப எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னேன். அதோடு நிற்கவில்லை, முதல் பாடவேளைக்குப் போய்ப் பாடமும் நடத்தினேன். இந்தப் பழக்கத்தைத்தான் அந்த ஆலோசகர் எல்லோரையும் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

மதியம்தான் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு பதறியடித்து வந்தார். கைக்குட்டையைக் காட்டி, சாயங்காலக் காய்ச்சலையும் சொன்னேன். வாசல் கேட்டருகே நின்று, "இத்தன நாளா இருமலும் காய்ச்சலுமா இருந்திருக்க. மொதல்லயே சொல்ல வேண்டியதுதானம்மா" என்றார், குரல் உடைந்துபோய்.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் வண்டியை எடுத்தார்.

பெரியாஸ்பத்திரியில் சளிப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றேன். முன்னும் பின்னும் உடம்பு வற்றிப்போனவர்கள். டப்பா கொடுக்கிற ஊழியர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் எங்கம்மா?" என்றார். நான்தான் என்றேன். நம்பாமல் சீட்டை வாங்கிப் படித்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், இருமலுக்கு நடுவிலும், "யம்மா, நீ நோயாளின்னா பெறகு நாங்கெல்லாம் யாரு?" என்றார். அந்த ஒரு கேலிக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னோடு அதே வரிசையில் நின்றார்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, இடம் மாற்றி இடம் மாற்றி வெகுநேரம் கேட்டார். அதன் குளிர்ச்சி பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடை குறைந்ததா என்றார். குறைந்தது, ஈஸ்டருக்கு முன்னால் விரதம் இருந்தேன் என்றேன்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் பழையபடி சாப்பிட ஆரம்பிச்சீங்களா?"

"சாப்பிட முயற்சி பண்ணினேன் மேடம்."

"அதுக்கப்பறமும் எடை கொறைஞ்சுதா?"

"கொறைஞ்சுச்சு."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னையும் என் வீட்டுக்காரரையும் பார்த்தார். "விரதம் முடிஞ்சும் கொறையுதேன்னு யாருமே கேக்கலையா?" என்றார். எத்தனை பேர் கை குலுக்கினார்கள், எத்தனை பேர் திருப்பிப் பார்த்தார்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. குறைய வேண்டிய ஒன்று குறைந்துகொண்டிருந்தால் ஏன் என்று யார் கேட்பார்கள்?

காசநோய்தான், இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். கஷ்டம் என்ற சொல்லை டாக்டர்கள் எதற்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரரையும் சோதித்தார்கள், அவருக்கு இல்லை. நான் பாடம் எடுத்த பிள்ளைகளில் யாருக்காவது ஒட்டியிருந்தால் என்ன செய்வேன் என்று, சோதித்து முடிவு வருகிறவரை எனக்கு உயிரே இல்லை. யாருக்கும் இல்லை. அதற்கு மட்டும் நான் மனசார நன்றி சொன்னேன்.

மாத்திரை மாதக்கணக்கில் நடந்தது. சிறுநீர் செந்நிறத்தில் போகும், குமட்டிக்கொண்டு வரும். மாதத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்துக்குப் போனால், அங்கே ஒரு பெண் ஊழியர் எடைமேடையில் ஏறச் சொல்வார். பிறந்ததிலிருந்து நான் வெறுத்த இடம் அது. ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். முதல் மாதம் அப்படித்தான் மூடிக்கொண்டு நின்றேன். "ஏறியிருக்கு டீச்சர்!" என்று அவர் சந்தோஷத்தில் கத்தினார். "மருந்து நல்லா வேல செய்யுது. முட்ட, பயறு, கடலன்னு நல்லாச் சாப்பிடுங்க. வயித்துக்கு வஞ்சகம் பண்ணிராதீங்க."

நல்லாச் சாப்பிடுங்கள் என்று கிண்டல் இல்லாமல் என்னிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை. அந்த எடைமேடைமீது நின்றபடியே அழுதேன். அந்தப் பெண் மாத்திரையால் வரும் சோர்வு என்று நினைத்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

செய்தி எப்படியோ பள்ளிக்கூடத்திலும் ஆலயத்திலும் பரவிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் கதவோரமாகவே நின்று, "உங்க ஒடம்புக்கா?" என்றார்கள். நோயைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம். ஐயரம்மா மட்டும் பயப்படாமல் உள்ளே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் எடை ஏறியது. இருமல் நின்றது, காய்ச்சல் நின்றது, மாடிப்படியில் பழைய மூச்சே திரும்ப வாங்கியது. அந்த மூச்சைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளில் பழைய ஜாக்கெட்டுகள் எல்லாம் எனக்குச் சரியாக இருந்தன. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தமிழம்மா என்னை ஓடிவந்து கட்டிக்கொண்டார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பழையபடி ஆயிட்டீகளே" என்றார். நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

வீட்டில் அந்த நீலச்சேலைப் படம் அப்படியே தொங்கியது. அதைக் கழற்றிவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏம்மா, அழகா இருக்குற படம். இருக்கட்டும்" என்றார். அந்தப் படத்தில் நிற்பவளுக்குக் காய்ச்சல். சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அன்று காலையில்கூடத் தலையணை நனைந்திருந்தது. இத்தனையும் தெரிந்த மனுஷன், என்னை ராப்பகலாகக் கவனித்து மாத்திரை எடுத்துக் கொடுத்த மனுஷன், அதைக் கழற்றவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, கசப்புதான் வந்தது. நானே கழற்றலாம், ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஸ்டூலைப் பார்த்து அவர் என்ன சொல்வார் என்று தெரியும்.

அடுத்த சாம்பல் புதன் வந்தது. அந்த வாரப் பெண்கள் கூட்டத்தில் யார் யார் எதை விடப்போகிறோம் என்று பேச்சு வந்தது. என் முறை வந்ததும், இந்த வருடம் நான் எதையும் விடவில்லை, டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் என்றேன். கூட்டத்தில் ஒரு சின்னச் சலசலப்பு. ஐயரம்மா என் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அதான் இப்ப நல்லாயிட்டீங்கள்ல. கொஞ்சங் கொஞ்சமா மறுபடி ஆரம்பிங்க. போன வருஷம் லெந்துல எம்புட்டு அழகா இருந்தீங்க!"

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வழக்கம்போல வாயில் ஒரு வேடிக்கை தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினேன். இந்த ஒரு தடவையாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டதுதான் என்னைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது. ஐயரம்மாவின் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன்.

"அப்ப நான் செத்துக்கிட்டிருந்தேன் ஐயரம்மா."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதைத் தொட்டு அடுத்தவர், அதைத் தொட்டு எல்லோரும். ஐயரம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தீங்களா, சாவுக்குப் போயிட்டு வந்தும் இவங்க குறும்பு போகல. இந்த மனசு யாருக்கு வரும்!"

நான் சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது என்னைக் கேட்காமலே அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.